புனைமுகவரி

வெள்ளவத்தையில் ஒரு கணினி வகுப்பில் கொடுத்த குறிப்புத்தாளை மருமகன் கொண்டுவந்து காட்டினான். 'கருனிக்கூறு மூலம் மக் முகவரியை மறைத்தல்' என்று தலைப்பு. மக் முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். கருனிக்கூறு என்பது இயங்குதளத்தின் கருவான கருனிக்குள் ஏற்றும் நிரல்துண்டு. இந்த 'மறைத்தலை' எத்தனை தாளில்தான் பார்ப்பது!

'மறைத்தல்' என்று இவர்கள் பெயர்த்த ஆங்கில மூலச்சொல் ஸ்பூஃப். ஆதர் ரொபேட்ஸ் என்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் 1880களில் ஓர் ஏமாற்று விளையாட்டுக்கு வைத்த பெயர். பிறகு போலி செய்வதற்கெல்லாம் ஆகிவிட்டது. மறைப்பு என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

மறைத்தல் என்றால் கண்ணில் படாமல் செய்வது. கணினியை வலையமைப்பில் இணைக்கும் வலையட்டையால் அது முடியாது. அது அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது தரவுப் பொதியிலும், அனுப்புநர் முகவரிக்கென்று 48 பிட் இடம் உண்டு. அதில் முகவரி இல்லாவிட்டால் ரவுட்டர் பதிலை யாருக்கு அனுப்பும்? கருனிக்கூறு செய்வது வேறு வேலை. கருனிக்குள் ஏறி, இந்த அட்டைக்கு இதுதான் முகவரி என்று கருனி நினைவில் வைத்திருக்கும் எண்ணை மாற்றிவிடுகிறது. தொழிற்சாலையில் சிப்பில் எழுதிய எண் அப்படியே கிடக்கும். லினக்ஸில் ஈத்டூல் என்ற கருவியிடம் நிரந்தர முகவரியைக் கேட்டால் சாதாரணமாக அதைச் சொல்லியும்விடும்.

என் மடிக்கணினியிலேயே செய்து பார்த்தேன். 00 என்று தொடங்கிய முகவரி 02 என்று தொடங்கியது. அந்த 2 சும்மா வந்ததல்ல. முதல் எண்சோடியில் 2ஐக் குறிக்கும் பிட் 1 ஆனால், 'இது தயாரிப்பாளர் தந்ததல்ல, இங்கே இட்டது' என்று பொருள். மறைப்பவர் அதை முதல் எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போவாரா?

'முகவரித் திருட்டு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். 2019இல் வந்த அண்ட்ரொயிட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகளே வைஃபைக்கு மாற்று முகவரி இட்டுக்கொள்கின்றன. யாரிடம் எதைத் திருடின? அடுத்தவரின் முகவரியை எடுத்துப் போட்டால் அது ஆள்மாறாட்டம். அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கிற பிள்ளைக்கு எப்படி வேறுபாடு தெரியும்? கருவி என்ன செய்கிறது என்று ஒருதரம் ஓட்டிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும்.

நான் புனைமுகவரி என்கிறேன். புனைபெயரில் எழுதுபவரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறுவதில்லை. கதையின் கீழே மட்டும் வேறு பெயர். இங்கும் சிப்பில் ஒன்று, சட்டகத்தில் ஒன்று. மருமகனின் தாளில் தலைப்பை வெட்டி 'கருனிக்கூறு மூலம் புனைமுகவரி இடல்' என்று எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியரிடம் காட்டப்போகிறான்.