கண்ணுக்குள் தெரியும் சிறுநீரகம்

"டாக்டரம்மா, ஊசியில நூல் கோக்க முடியல. கண்ணாடி மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்று வந்தார் அந்தத் தையல்காரர். வயது 48. தூரத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடியை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் இருவருக்குமே வேலை முடிந்திருக்கும்.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் உள்ளே பார்த்தேன். விழித்திரையில் குங்குமம் சிந்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். நுண்ணிய ரத்தக் குழாய்கள் அங்கங்கே உப்பி, சில இடங்களில் கசிந்தும் இருந்தன. "ஐயா, சர்க்கரை இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கா? சேச்சே" என்றார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 260. சிறுநீரிலும் புரதம் போய்க்கொண்டிருந்தது; சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது.

அண்டத்தில் இருப்பதுதான் பிண்டத்தில் என்பார்கள். அந்தப் பிண்டத்துக்குள்ளும் ஒரு சின்னப் பிண்டம் உண்டென்றால், என்னைப் பொறுத்தவரை அது விழித்திரைதான். கத்தி வைக்காமலே, ரத்தம் ஓடும்போதே குழாய்களை இவ்வளவு தெளிவாகப் பார்க்க உடம்பில் வேறு இடம் கிடையாது. 1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கென்று கருவி செய்து கொடுத்தார். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் குழாய்களும் இதே போல நுண்ணியவை. சர்க்கரை இரண்டையும் சேர்த்தே அரிக்கிறது. ரத்தக் கொதிப்பும் அப்படித்தான். தமனி ஒடுங்கி, தான் கடந்துபோகும் சிரையை அழுத்துவது கண்ணிலேயே தெரியும். கண் பார்க்க வந்தவருக்கு நான் சிறுநீர்ப் பரிசோதனை எழுதுவது இதனால்தான்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். தொடக்கத்தில் வலி இருக்காது, மங்கலும் இருக்காது. விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியோ, உள்ளே ரத்தம் கொட்டியோ ஓடி வருகிறவர்களுக்கு லேசரும் ஊசியும் இருக்கின்றன. ஆனால் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடிவதில்லை.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. டைப் 2 சர்க்கரை (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை) என்று தெரிந்ததுமே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் வருடம் ஒருமுறை. டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) என்றால், நோய் தொடங்கிய ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுங்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்ட வேண்டாம், கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.