அட் ஹோமினெம்: தமிழில் எப்படிச் சொல்வது?

புரோகிராமர்கள் கூடிப் பேசும் குழு எதுவாக இருந்தாலும் சரி, சண்டை கொஞ்சம் சூடு பிடித்ததும் யாராவது ஒருவர் "இது அட் ஹோமினெம் ப்ரோ" என்று எழுதிவிடுவார். பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் எழுதுவார். தன்னைத் திட்டிவிட்டார்கள் என்பதைச் சொல்ல அவருக்குக் கனமான ஒரு சொல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் திட்டு வேறு, அட் ஹோமினெம் வேறு. சண்டை வரும்போது எதற்குப் பதில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

சொல் லத்தீன். 'அட்' என்றால் நோக்கி, 'ஹோமினெம்' என்பது 'ஹோமோ', அதாவது மனிதன் என்ற சொல் வேற்றுமை ஏற்ற வடிவம். முழுப்பெயர் 'ஆர்குமென்டும் அட் ஹோமினெம்', ஆளை நோக்கி வைக்கிற வாதம். இன்றைக்கு இதன் பொருள்: ஒருவர் சொன்னது தவறு என்று நிறுவுவதற்கு, சொன்னதைத் தொடாமல் சொன்னவரின் படிப்பு, வேலை, ஊர், குணம் என்று எதையாவது காரணமாகக் காட்டுவது. 'காரணமாக' என்பதை இங்கே அழுத்தி வாசிக்க வேண்டும்.

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவர் "இந்த கேஷ் லேயர் தேவையில்லை, டேட்டாபேஸில் ஒரு இன்டெக்ஸ் போட்டாலே போதும்" என்கிறார், அதாவது டேட்டாவை வேகமாக எடுக்கத் தனியாக ஒரு தற்காலிகச் சேமிப்பு வேண்டாம், தேடலை வேகமாக்கும் அட்டவணை ஒன்று போதும் என்று. உடனே "நீங்க எந்த காலேஜ்?" என்று ஒரு கேள்வி. இன்னொருவர், "சர்வீஸ் கம்பெனில இருக்கிறவங்களுக்கு ஸ்கேல்னா என்னன்னே தெரியாது." கேள்வியைத் தமிழில் கேட்டுவிட்டால் இன்னும் மோசம்: "இங்கிலீஷே வரல, கோடிங் எப்படி வரும்?" கேட்டவர் பெண் என்றால், புரோகிராமை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு நடந்த பிறகும் அந்த இன்டெக்ஸ் போதுமா போதாதா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இதில் கெட்ட வார்த்தை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "அண்ணா ரொம்ப வருஷமா மெயின்ஃப்ரேம்ல இருக்கார், பாவம், அவருக்கு குபர்நெட்டிஸ் பத்தி என்ன தெரியும்" என்று அண்ணா போட்டு, பாவமும் பார்த்துச் சொன்னாலும் அது அட் ஹோமினெம்தான். "டேய் முட்டாள், அந்த எர்ரர் பாத்ல லாக்கை ரிலீஸே பண்ணலடா" என்பது வசவு. ஆனால் வாதம் லாக், அதாவது புரோகிராம் ஒரு டேட்டாவுக்குப் போடும் பூட்டு, அதைப் பற்றியது, அது சரியாகவும் இருக்கலாம். சொன்னவரை அட்மின் கண்டிக்கட்டும், லாக்கை நீங்கள் போய்ப் பாருங்கள்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விஷயத்தில் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பேட்ச், அதாவது கோடில் செய்யும் திருத்தம், அனுப்பியவர்களை அவர் கடுமையாகத் திட்டியது ஊரறிந்தது. அந்தத் திட்டுகளோடு பல சமயம் தெளிவான தொழில்நுட்பக் காரணமும் இருக்கும், அதனால் 'அவர் சொன்னது சரிதானே' என்று அவரது ரசிகர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். சரியாகச் சொன்னார் என்பது திட்டுவதற்கான லைசென்ஸ் ஆகாது. 2018 செப்டம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, கர்னல் வேலையிலிருந்து கொஞ்ச காலம் ஒதுங்கினார். கர்னல் குழுவில் 2015 முதல் நடத்தை விதியாக இருந்த 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' போய், 'கோட் ஆஃப் காண்டக்ட்' வந்ததும் அப்போதுதான்.

இனி சொல்லின் பழைய பொருளுக்கு வருவோம், எனக்கு இதில் சுவாரசியமே இதுதான். 1690இல் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ஜனங்கள் வாதம் செய்யும் நான்கு விதங்களைச் சொல்லும்போது இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார். இந்தப் பெயர் ஏற்கெனவே வழக்கில் இருப்பதுதான் என்றும் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் பொருளில் வசவோ இழிவோ கிடையாது. எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கொள்கையையே எடுத்து, அதிலிருந்து பிறக்கும் முடிவைக் காட்டி அவரை மடக்குவதுதான் லாக் சொன்ன அட் ஹோமினெம். (அதே பட்டியலில், பெரிய மனிதர் சொன்னதை மறுக்கக் கூசுவதைப் பயன்படுத்திக்கொள்ளும் வாதமும் உண்டு. 'ஆர்கிடெக்ட் சாரே சொல்லிட்டார்' என்று நம் ஆபீஸில் கேட்பது அதுதான்.) ஆளையே தாக்குவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, பழையதைத் துரத்திவிட்டது.

அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் சொல் தேடினால், நன்னூல் பாயிரத்தில் கிட்டத்தட்ட தயாராகவே இருக்கிறது. பவணந்தி முனிவர் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் தருகிறார்; மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. உடன்படல், மறுத்தல், அப்புறம் 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு', அதாவது பிறர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அதைத் தள்ளுவது. லாக் சொன்னதற்கு இது ரொம்பப் பக்கம். தன் கொள்கையை நாட்டி நிறுத்துவது, இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது, எதிலும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது என்று பட்டியல் போகிறது. நடுவில் 'பிறர்நூற் குற்றம் காட்டல்' என்று ஒன்று. பிறருடைய நூலில் உள்ள குற்றம், கவனியுங்கள். பிறரிடம் உள்ள குற்றத்தைக் காட்டுவதற்கு ஏழில் ஒரு இடமும் கொடுக்கவில்லை. கோட் ரிவ்யூ, அதாவது அடுத்தவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும் வேலை, செய்கிறவர்களுக்கு 'நூல்' என்ற இடத்தில் 'பேட்ச்' என்று போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

பட்டியல் இருந்ததால் நம் ஆட்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1867இல் வள்ளலாரின் திருவருட்பா சென்னையில் அச்சானபோது, அதை அருட்பா என்று அழைக்கலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு கேட்டது. நூலைப் பற்றிய கேள்விதான், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பிறகு அது ஆட்களைப் பற்றியதாக மாறி, கண்டனம் மறுகண்டனம் என்று துண்டு நூல்கள் அச்சாகி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போய், அவர்கள் இருவரும் மறைந்த பின்பும் ஓயவில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இல்லை.

சரி, இன்றைய பொருளுக்கு என்ன சொல்? பத்திரிகைகள் 'தனிநபர் தாக்குதல்' என்கின்றன. அது வசவு, மிரட்டல், ஏன், நிஜமாக அடிப்பது வரைக்கும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது, வாதம் என்ற பகுதி தொலைந்துபோகிறது. மணிமேகலை குறையுள்ள ஏதுவை, அதாவது காரணத்தை, 'ஏதுப்போலி' என்கிறது, அதே வழியில் 'ஆட்போலி' என்று ஆக்கலாமே என்று தோன்றும். கேட்கிறவர்கள் ஆள்மாறாட்டம் என்று நினைப்பார்கள். 'ஆள்நோக்கு வாதம்' லத்தீனுக்கு நேர், ஆனால் அதில் குற்றம் இருப்பது தெரியவில்லை. 'ஆட்பழி வாதம்' சுருக்கமாக இருக்கிறது, காதில் நரபலி மாதிரி விழுகிறது. என் ஓட்டு 'ஆள்பழிப்பு வாதம்' என்பதற்கு. புணர்ச்சி விதி பார்ப்பவர்கள் ஆட்பழிப்பு என்று எழுதட்டும், சண்டையில்லை. பேச்சில் இவ்வளவும் தேவைப்படாது, "விஷயத்தைப் பேசு, ஆளைப் பேசாதே" என்றால் யாருக்கும் புரியும்.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை எதிராளி மேல் எறிந்து பயனில்லை. "இது ஆள்பழிப்பு வாதம்" என்று எழுதினால் அடுத்த அரை மணி நேரம் அது ஆள்பழிப்பா இல்லையா என்று சண்டை நடக்கும், இன்டெக்ஸ் அங்கேயே கிடக்கும். அவர் உங்களைப் பழித்தார் என்பதால் நீங்கள் சொன்னது சரியென்றும் ஆகிவிடாது. எழுதினதில் வாதம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் உருவி எடுத்துப் பதில் சொல்லலாம்: "நான் எந்த காலேஜா வேணா இருந்துட்டுப் போறேன், இந்த குவெரி ஏன் ஸ்லோன்னு சொல்லுங்க." ஒன்றுமே இல்லையென்றால் பதிலும் இல்லை, அட்மினுக்குப் போக வேண்டியதுதான். இணைய நாகரிகம் பற்றி 1995இல் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய வழிகாட்டி ஆவணம், கோபத்தில் எழுதியதை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பச் சொல்கிறது. பொறுக்கவே முடியாதென்றால் அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் 'ஃபிளேம் ஆன்', 'ஃபிளேம் ஆஃப்' என்று போட்டுவிடவும் சொல்கிறது.

வேடிக்கை பார்க்கிறவர்களால்தான் நிறைய முடியும். 1992 ஜனவரியில் ஆன்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று எழுதினார், டோர்வால்ட்ஸ் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். மறுபடி வந்து, அளவுக்கு மீறிவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார். அப்படிக் கேட்க வைத்தது, 'இப்படிச் செய்யக்கூடாது' என்று மூன்றாவது ஆள் ஒருவர் நட்பாக எழுதிய ஒரு கடிதம். குழுவில் எல்லார் முன்னாலும் "ப்ரோ, கொஞ்சம் மரியாதையா" என்று சொன்னால் ஆள் இன்னும் முறுக்கிக்கொள்வார். தனியாகச் சொன்னால் கேட்க வாய்ப்பு அதிகம்.

அட்மின்களுக்கு ஒன்று. குழு விதியில் வசவையும் ஆள்பழிப்பையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். வசவு வந்தால் எச்சரித்து, தேவைப்பட்டால் நீக்கலாம். ஆள்பழிப்பு வாதத்தை நீக்க வேண்டாம், "காரணம் எங்கே?" என்று கேட்டு, பதில் வரும் வரை அந்த இழையை அப்படியே நிறுத்தி வையுங்கள்.