வரைபடத்தில் கடை இருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் திறந்திருக்குமா?

சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஐந்து நாள் நடந்து ஒரு சின்ன மலையூருக்குள் இறங்குகிறீர்கள். பையில் ஒரு பாக்கெட் நூடுல்ஸும் ஒரு பிடி வேர்க்கடலையும்தான் மிச்சம். கடையை நாலு மணிக்கே பூட்டிவிட்டார்கள். நாளை ஞாயிறு, திங்கள் அரசு விடுமுறை. முன்பே தபாலில் அனுப்பிவைத்த உணவுப் பார்சலை எடுக்கலாம் என்றால் தபால் நிலையமும் செவ்வாய்தான் திறக்கும். அடுத்த ஊர் 90 கி.மீ. தள்ளி.

இதில் வரைபடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கடை அங்கேயேதான் இருக்கிறது. திட்டம் போட்டவர் ஊரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டார்; கிழமையையும் மணியையும் குறிக்கவில்லை. நெடும்பாதையில் மளிகை நிறுத்தம் என்றால் இடம், நாள், நேரம் மூன்றும் சேர்ந்தது.

முதலில் நாள் கணக்கு. இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை கி.மீ. என்று பார்த்து, அதை ஒரு நாள் சராசரியால் வகுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 100 கி.மீ. பகுதியில் மொத்த ஏற்றம் 6,000 மீட்டர் என்று வையுங்கள். தூரத்துக்கு 20 மணி, ஏற்றத்துக்கு 10 மணி, ஆக 30 மணி. ஓய்வு நீங்கலாக நாளுக்கு ஆறு மணி நேரம் நடந்தால் ஐந்து நாள். ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காதவர் இதையே மூன்றரை நாள் என்று எழுதிவைத்திருப்பார். ஒன்றரை நாள் சாப்பாடு அங்கேயே காணாமல் போகிறது. கடையிலிருந்து கிளம்பும் முதல் நாள் பை கனமாக இருக்கும் என்பதால், விதி சொல்வதைவிட அன்று மெதுவாகத்தான் போவீர்கள்.

ஆளுக்கு ஆள் மாறினாலும், ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் உலர் உணவு என்று தொடங்கலாம். ஐந்து நாளுக்கு 4 கிலோ. பத்து நாளுக்கு 8 கிலோ. அதைத் தூக்கி நடக்கவே கூடுதல் சாப்பாடு தேவைப்படும். எனவே நிறுத்தங்கள் நான்கைந்து நாளுக்கு ஒன்றாக அமைவது நல்லது. முதல் வாரத்தில் பலருக்குப் பசி குறைவாகவே இருக்கும். மூன்றாவது வாரம் வாக்கில் அதே ஆளுக்கு 900 கிராமும் போதாது. கடைசி மாதத்துக்கான அளவை முதல் மாதப் பசியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பாதையை விட்டு எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது. வாகனச் சாலை பாதையை வெட்டும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கடை எத்தனை கி.மீ., இறக்கமா ஏற்றமா, பேருந்து உண்டா, லிஃப்ட் கிடைக்கும் அளவுக்கு வண்டிகள் ஓடும் சாலையா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் சியரா நெவாடா பகுதியை எடுத்துக்கொள்வோம். இண்டிபெண்டன்ஸ் என்ற ஊருக்கு இறங்க வேண்டுமானால் சுமார் 3,580 மீட்டர் உயரமுள்ள கியர்சார்ஜ் கணவாயைத் தாண்டி, ஏறக்குறைய 12 கி.மீ. நடந்து ஆனியன் வேலி சாலை முனைக்கு வர வேண்டும். அங்கிருந்து ஊர் இன்னும் 20 கி.மீ.க்கும் மேல். திரும்பும்போது அதே கணவாயை முழுச் சுமையோடு ஏற வேண்டும். மளிகை வாங்கப் போவதற்கே ஒரு நாள் மளிகை செலவாகிறது. அந்த நாளும் அட்டவணையில் வர வேண்டும்.

‘கடை’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து விதமான இடங்கள் ஒளிந்திருக்கின்றன. சூப்பர்மார்க்கெட்டில் எத்தனை நாளுக்கும் வாங்கலாம். கிராமத்துச் சிறு கடையில் பார்த்து எடுத்தால் மூன்று நான்கு நாள் தேறும். பெட்ரோல் பங்க் கடையில் சிப்ஸ், மிட்டாய், கப் நூடுல்ஸ், கடலை. இரண்டு நாளுக்கு மேல் அதில் ஓட்டினால் உடம்பு சொல்லிவிடும். முகாம் மைதானக் கடைகள் பருவம் முடிந்ததும் சரக்கை நிரப்புவதை நிறுத்திவிடும். கடை திறந்திருக்கும், அலமாரி காலியாக இருக்கும். பிரான்ஸின் கோர்சிகா தீவில் உள்ள ஜி.ஆர். 20 போன்ற பாதைகளில், பருவ காலத்தில் மலைக்குடில்களிலேயே சாப்பாடும் அடிப்படைப் பொருள்களும் கிடைக்கும். அங்கே பை இலகுவாகிவிடும். ஆனால் கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

இணைய வரைபடம் காட்டும் நேரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பருவம் மாறும்போது பல சிறு கடைகள் அதைத் திருத்துவதே இல்லை. கிளம்புவதற்கு முன்பு ஒருமுறை, முந்தைய ஊரில் சிக்னல் கிடைக்கும்போது இன்னொருமுறை போன் செய்யுங்கள். “கடை திறந்திருக்குமா?” என்று பொதுவாகக் கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தால் திறந்திருக்குமா? அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டர் இருப்பு இருக்கிறதா, எந்த அளவு? கார்டு எடுப்பீர்களா? சரக்கு வண்டி என்றைக்கு வரும்?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் வண்டி வரும் ஊரில், அதற்கு முந்தைய நாள் போய் நின்றால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

சில பகுதிகளில் எவ்வளவு தேடினாலும் கடை கிடைக்காது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையின் மெய்ன் மாநிலக் கடைசிப் பகுதியில், மான்சன் ஊரிலிருந்து ஏபல் பிரிட்ஜ் வரை ஏறக்குறைய 160 கி.மீ.; குறைந்தது பத்து நாள் உணவில்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பிப்புல்மன் பாதையில் கலமண்டாவிலிருந்து தெற்கே நடந்தால் முதல் ஊரான ட்வெல்லிங்கப் வரவே சுமார் 210 கி.மீ. ஆகும். பசிபிக் கிரெஸ்ட் பாதையையொட்டி வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்டெஹீக்கின் ஊருக்கு வெளியுலகிலிருந்து சாலையே கிடையாது. படகு, மிதவை விமானம், நடை மூன்றும்தான் வழி. அதைத் தாண்டினால் கனடா எல்லை வரை 130 கி.மீ. இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் பார்சல்.

பார்சலில் பெரிய தவறு, ஆறு மாதச் சாப்பாட்டையும் வீட்டிலேயே பெட்டி பெட்டியாகக் கட்டிவிட்டுக் கிளம்புவது. ஒரே ஓட்ஸ் நாற்பதாவது நாளில் தொண்டையில் இறங்காது. வேகம் மாறினால் பெட்டி ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில். நல்ல வழி, பெரிய ஊர் வந்ததும் அங்கே வாங்கி, அடுத்து வரும் கடையில்லாத ஓரிரு இடங்களுக்கு மட்டும் அங்கிருந்தே அனுப்புவது. ஒவ்வாமை, சர்க்கரை நோய் போன்ற காரணங்களால் குறிப்பிட்ட உணவே வேண்டும் என்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கட்டலாம். அமெரிக்கத் தபால் நிலையங்களில் ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதி அனுப்பும் பார்சலை வழக்கமாக 15 நாள் வைத்திருப்பார்கள். அனுப்புகிறவர் கேட்டுக்கொண்டால் 30 நாள் வரை. பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். வந்து சேரும் உத்தேச தேதியைப் பெட்டியின் வெளிப்பக்கம் பெரிதாக எழுதுங்கள். தங்கும் விடுதிக்கு அனுப்புவதானால், வாங்கி வைப்பார்களா, கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கேஸ் கேனிஸ்டரைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அழுத்தத்தில் அடைத்த எரிவாயு விமானத் தபாலில் போகக் கூடாது. தரைவழியாக அனுப்பவும் தனி விதிகள் உண்டு. ஆகவே எரிபொருள் கிடைக்கும் ஊர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அரை லிட்டர் நீர் கொதிக்க அமைதியான வானிலையில் 7–8 கிராம் கேஸ் ஆகும் என்றால், 230 கிராம் கேனிஸ்டர் சுமார் முப்பது முறைக்கு வரும். காற்றிலும் குளிரிலும் இன்னும் குறையும். ஐரோப்பாவின் சில பகுதிகளில் துளையிட்டு மாட்டும் வகைக் கேனிஸ்டர்தான் கடையில் இருக்கும்; திருகு மரை அடுப்புக்கு அது பொருந்தாது.

கடைக்குள் நுழையும் முன் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு போனால் இரண்டு கிலோ அதிகமாக வாங்கி, அதையும் மலையேற்றுவீர்கள். பொருள் பொருளாக எடுக்காமல் நாள் நாளாக எடுங்கள்: ஐந்து காலை, ஐந்து பகல், ஐந்து இரவு, அதோடு ஒரு நாள் கூடுதல். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். ஓட்ஸ் 380 வாக்கில், வறுத்த வேர்க்கடலை 580–600, சமையல் எண்ணெய் 880–900. எல்லாம் சேர்ந்து சராசரி 450-ஐத் தொட்டால் நல்ல பை. டப்பா உணவில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை அன்றைக்கே ஊரில் சாப்பிடுங்கள். அட்டைப் பெட்டிகளைக் கடை வாசலிலேயே கழித்துவிட்டு ஜிப் பைகளில் மாற்றிக்கொள்ளுங்கள். கரடி திறக்க முடியாத டப்பா கட்டாயமான பகுதியானால் எடையைவிட இடம்தான் பிரச்சினை: 11–12 லிட்டர் டப்பாவில் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வாரச் சாப்பாடுதான் அடங்கும். பற்பசையும் சோப்பும் அதற்குள்தான் போக வேண்டும்.

கூடுதல் ஒரு நாள் உணவைத் தனிப் பையில் கட்டி அடியில் போடுங்கள். மழையில் ஆறு ஏறி, வடியும்வரை காத்திருக்க நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த மலையில் வயிறு காலியானால் உடம்பு சூட்டைக் காக்கத் திணறும், கால் தடுமாறும், முடிவெடுக்கும் நிதானம் போகும். எனவே பகுதியின் நடுவில் ஓர் இரவு உணவு முழுவதையும் தரையில் பரப்பி எண்ணுங்கள். பாதித் தூரம் வருவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால், முன்னால் இருக்கும் ஊரையும் பின்னால் விட்டுவந்த சாலையையும் நாள் கணக்கில் ஒப்பிட்டு, எது பக்கமோ அங்கே மறுநாள் காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். கையில் இருப்பதை அன்றிரவே பங்கு பிரித்துவிடுங்கள். பெரிய பங்கு காலைக்கும் பகலுக்கும், ஏறும் நேரத்துக்கு.