போர்க்காலப் பொதுவுடைமை: சொல் விளக்கம்

ரஷ்ய மொழியில் இது 'வொயென்னி கம்யூனிசம்'. வொயென்னி என்ற சொல் போரையும் குறிக்கும், படையையும் குறிக்கும். 'இராணுவ கம்யூனிசம்' என்று தமிழில் எழுதினால் படையாட்சி என்ற தவறான எண்ணம் வந்துவிடும். 'போர்க்காலப் பொதுவுடைமை' என்பதே பொருத்தம்.

1918 நடுவிலிருந்து 1921 மார்ச் வரை, ரஷ்ய உள்நாட்டுப் போருக்கிடையே லெனினின் போல்ஷிவிக் கட்சி அரசு நடத்திய பொருளாதாரக் கொள்கை இது. பெருந்தொழில்கள் அரசுடைமையாயின, தனியார் வணிகம் தடைசெய்யப்பட்டது, நகரங்களுக்கு ரேஷன் வந்தது. ஆனால் எல்லாமே தானியத்தை நம்பித்தான் இருந்தன. அதற்கு வழி 'புரத்ரஸ்வியோர்ஸ்த்கா'. இதைக் 'கொள்முதல்' என்று சொல்லக் கூடாது, கொடுத்த விலை பெயருக்குத்தான். 'கட்டாயத் தானிய வசூல்' எனலாம். 1919 ஜனவரி ஆணைப்படி, அரசுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மையம் முதலில் முடிவுசெய்யும். அப்புறம் அது மாகாணம், மாவட்டம், கிராமம் என்று பிரிந்து கீழே இறங்கும். உழவர் வீட்டில் என்ன மிச்சம் என்பது கணக்கிலேயே இல்லை. தராத ஊருக்கு ஆயுதம் தாங்கிய உணவுப் படைகள் வந்தன. பல இடங்களில் விதைநெல்போல எடுத்துவைத்த விதைத் தானியமும் போயிற்று.

எப்படியும் எடுத்துப்போவார்கள் என்றால் உழவர் எதற்குக் கூடுதலாக விதைப்பார்? விதைப்புப் பரப்பு சுருங்கியது. நகரங்களில் பணம் மதிப்பிழந்தது. கிராமங்களுக்குப் போய் உப்பையும் துணியையும் கொடுத்து மாவு மூட்டையோடு திரும்பிய 'மெஷோச்னிக்', அதாவது மூட்டைக்காரர்கள், சட்டப்படி குற்றவாளிகள். நகர மக்கள் உயிர்வாழ்ந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1917இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) மக்கள்தொகை 1920இல் சுமார் 7 லட்சமாகக் குறைந்தது.

இந்தப் பெயர் பரவலானது கொள்கை கைவிடப்பட்ட பிறகுதான். போரும் அழிவும் எங்களை இதற்குத் தள்ளின என்று 1921 வசந்தத்தில் லெனின் எழுதினார். அது பாதி உண்மை என்பேன். போல்ஷிவிக்குகளை எதிர்த்த தளபதி ரங்கேலின் படை 1920 நவம்பரில் கிரிமியாவை விட்டு ஓடியது. அதே மாதம் சிறு பட்டறைகள்கூட அரசுடைமையாக்கப்பட்டன, தானிய வசூலும் நிற்கவில்லை. பொதுவுடைமைக்கு நேரே தாவிவிடலாம் என்ற நம்பிக்கையும் இதில் இருந்தது. அந்த முயற்சி பிழை என்று 1921 அக்டோபரில் லெனினே ஒப்புக்கொண்டார்.

1920 ஆகஸ்டில் தம்போவ் மாகாண உழவர்கள் கிளர்ந்தார்கள், 1921 மார்ச்சில் குரோன்ஷ்தாத் கடற்படைத் தள மாலுமிகள். அந்த மாதமே கட்சியின் 10ஆவது மாநாடு வசூலை நிறுத்தி, அளவான தானிய வரிக்கு மாறியது. வோல்கா ஆற்றங்கரைப் பகுதிக்கு அது தாமதம். கையிருப்பில்லாத ஊர்களில் வறட்சியும் சேர, பசியிலும் நோயிலும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இறந்தார்கள். 1922 கோடையில் அமெரிக்க நிவாரண நிர்வாகம் நாள்தோறும் சுமார் ஒரு கோடிப் பேருக்கு உணவளித்தது.