முதல் வாரமே பணத்தைப் பேசிவிடுங்கள்

ஆத்தங்குடியில் கல் பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கம்மல், சங்கிலி, மகளுக்காகக் கட்டிய சீட்டுப் பணம், அதுவும் போதாமல் வார வட்டிக்கு வாங்கிய கடன், எல்லாம் வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தே நாளில் கரைந்துவிட்டன.

"இனிமே ஊசி எட்டுத் தடவை போடணுமாம் மேடம். கையில ஒண்ணுமில்ல. ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டுக்கலாமா?"

அவர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்தான். அந்த வரம்புக்குள் இருப்பவர்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சையையே கைக்காசு இல்லாமல் செய்திருக்கலாம். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பயத்தில் அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் காரைக்குடியில் மருத்துவ சமூகப் பணியாளர். இங்கே நான் குறிப்பிடும் நோயாளிக் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பங்கள் இருப்பதையெல்லாம் திரட்டி முதல் கட்டத்திலேயே கொட்டிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ, கதிர்வீச்சு, சிலருக்கு வருடக்கணக்கில் மாத்திரை என்று அது நீளும். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம். காசில்லை என்று நடுவில் நிறுத்தினால் அதுவரை பட்ட பாட்டுக்கே பலன் குறைந்துவிடும்.

என் தாத்தா வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்குப் பழகும் சிறுவனாக, வேலை பழகியவர். ஐந்தொகை, அதாவது வரவும் கடனும் சேர்ந்த இருப்புக் கணக்கு, போடாமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார். வட்டிக் கணக்கை மனதிலேயே போட்ட ஊர் இது. நோய் என்று வந்தால் மட்டும் நாம் நோட்டை மூடிவிடுகிறோம், பணத்தைப் பேசினால் பாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று. தயவுசெய்து பேசுங்கள். மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை மாதம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும், எது காப்பீட்டில் வரும், விலை குறைந்த மாற்று மருந்து உண்டா என்று முதல் வாரமே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நமக்குச் சிவகங்கை, செட்டிநாட்டிலேயே புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனை முன்அனுமதி வாங்கித்தான் சிகிச்சையைத் தொடங்கும். ஏற்கனவே கட்டிய பணம் திரும்பி வராது. அதனால்தான் முதல் வாரம் என்கிறேன். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

இந்த வருமானச் சான்று விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. ஓர் ஆச்சி வந்தார்கள். கணவருக்குக் குடல் புற்று, பிள்ளைகள் இல்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்த தெரு வரை நீளும் வீடு. அதில் அவர்கள் பங்கு பதினாறில் ஒன்று. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடாமல் ஒரு கதவைக்கூட விற்க முடியாது. வருமானமோ மாதம் ஏழாயிரம் ரூபாய் வங்கி வட்டி, அவ்வளவுதான்.

"வீட்டப் பாத்தா யாரு ஆத்தா எனக்குச் சான்று தருவாக? தந்தாலும் ஊருல என்ன பேசுவாக?"

சான்றில் பார்ப்பது ஆண்டு வருமானத்தை, வீட்டின் நீளத்தை அல்ல என்று சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் பித்தளை அண்டாக்களையும் தேக்குப் பெட்டகத்தையும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் விலை பேசிவிட்டார்கள். அவசரத்துக்கு விற்பவருக்கு என்ன விலை கிடைக்கும்? நல்லவேளை, அட்வான்ஸ் வாங்கியிருக்கவில்லை.

மருந்து விலையையும் கவனியுங்கள். ஒருவகை ரத்தப் புற்றுக்குத் தரும் இமாடினிப் மாத்திரையின் வெளிநாட்டு பிராண்ட் ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியத் தயாரிப்போ பத்தாயிரம் வாக்கில். அந்த நிறுவனத்துக்குக் காப்புரிமை இல்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால்தான் அந்த மலிவு நிலைத்தது. பிராண்ட் பெயருக்குப் பதிலாக மூலமருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

போக்குவரத்தையும் சாப்பாட்டையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. காரைக்குடியிலிருந்து சென்னை போகும் பல்லவன் ரயிலில் இருக்கும் இருக்கை வகுப்புகளில் இருவருக்குமே 75 சதவீதம். அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த, நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த பெண்மணி. பணம் கட்ட முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இடம் அது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இதற்கும் மேல் தேவைப்பட்டால் தொகுதி எம்.பி. மூலம் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்பவர் பி.எஃப். கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்கலாம். பிறகுதான் நகை. அதையும் விற்காமல் வங்கியில் அடகு வையுங்கள். வார வட்டிப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கல் பட்டறைக்காரரின் மனைவிக்கு எட்டு ஊசியும் மதுரையில் காப்பீட்டிலேயே முடிந்தன. இப்போது மாத்திரை மட்டும்தான். முடி வளர்ந்துவிட்டது, வேலைக்கும் போகிறார். முதல் பத்து நாளுக்காக வாங்கிய கடனுக்கு அவர் கணவர் இன்னும் வெள்ளிக்கிழமைதோறும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.