பர்ன் அவுட்: கருகுதலும் கருக்குதலும்

வேலையே ஆளை உள்ளுக்குள் தீர்த்துவிடும் நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். அந்தச் சொல் மருத்துவர்கள் நடுவில் கோவிட்டுக்கு முன்பே புழங்கியதுதான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு அது மருத்துவமனை வாசலைத் தாண்டி வெளியே வந்தது. தமிழில் எழுதியவர்கள் அதற்கு மனச்சோர்வு, மன அழுத்தம், பணிச்சோர்வு என்று கைக்கு வந்ததைப் போட்டார்கள், சில சமயம் ஒரே கட்டுரையில் மூன்றையும். இவை ஒன்றல்ல. மனச்சோர்வு என்பது டிப்ரஷன்; அது நோய். மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ். நாளைக்குப் பரீட்சை என்றால் வரும், முடிந்தால் போகும். பணிச்சோர்வு என்றால் ஒரு நல்ல தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று கேட்பவருக்குத் தோன்றும். தூங்கி எழுந்தும் சரியாகாததுதான் பர்ன் அவுட்.

ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள், எரிய வேண்டியதெல்லாம் எரிந்து தீர்ந்து அணைவது. ராக்கெட்டில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நிற்கும் கணத்துக்கு இன்றும் அதுதான் பெயர். தொழுநோய் மருத்துவத்தில், நோயின் வேகம் அடங்கி அது விட்டுச்சென்ற சிதைவு மட்டும் மிஞ்சிய நோயாளியையும் இப்படிக் குறித்தார்கள். அப்புறம் அமெரிக்கத் தெருப்பேச்சில், போதைப்பொருளால் ஒன்றுமில்லாமல் போனவர்களுக்கு அது பெயராயிற்று.

அங்கிருந்துதான் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் அதை எடுத்தார். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி சிறுவயதிலேயே அமெரிக்கா வந்த உளவியலாளர் அவர். பகலில் சொந்தத் தொழில், மாலைக்கு மேல் நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு. அங்கே வந்தவர்களில் போதைக்கு அடிமையானவர்கள் பலர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள், மாதங்கள் போகப்போக எரிச்சலும் சலிப்புமாக மாறுவதைக் கவனித்தார். தானும் அப்படி ஆனதைக் கவனித்தார். 1974இல் எழுதிய கட்டுரையில், நோயாளிகளைக் குறித்த தெருச்சொல்லைத் தூக்கி அவர்களைப் பராமரிப்பவர்கள் மேல் வைத்தார். இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதை அளக்க வழி செய்தவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் மூன்று முகங்களைப் பார்க்கிறது. கலைச்சொல் பட்டியல்கள் இவற்றை உணர்வுச் சோர்வு, ஆளுமை நீக்கம், சாதனை உணர்வுக் குறைவு என்கின்றன. படித்தால் எதுவும் மனதில் ஒட்டாது. ஆனால் மூன்றுக்கும் பேச்சுத்தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. முதலாவது வற்றிப்போவது: அழுகிறவரைப் பார்த்து வருந்தவும் உள்ளே ஈரம் இல்லாத நிலை. இரண்டாவது மரத்துப்போவது: நோயாளி '7ஆம் பெட்' ஆகிவிடுவார், அவர் பெயர் நினைவில் நிற்காது. மூன்றாவது, 'என்னத்தைச் செய்து என்ன' என்கிற நினைப்பு.

2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன் அவுட்டுக்கு இடம் இருக்கிறது, நோயாக அல்ல. பணி சார்ந்த ஒரு நிகழ்வாக. சரிவரக் கையாளப்படாத, நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது விளக்கம். வேலையைத் தவிர வாழ்க்கையின் பிற பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. 'கையாளப்படாத' என்ற அந்தச் செயப்பாட்டு வினையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யார் கையாளவில்லை? மருத்துவரா, மருத்துவமனையா?

பெருந்தொற்றில் இந்தக் கேள்வி கூர்மையானது. மருத்துவர்கள் பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் முடியாமல் மணிக்கணக்காக நின்றார்கள். வீட்டுக்குப் போனால் தொற்றைக் கொண்டுபோவோமோ என்று தனி அறையில் படுத்தார்கள். இறந்துகொண்டிருப்பவரின் காதருகே போனைப் பிடித்து, உறவினர் குரலைக் கேட்கவைத்தார்கள். பல இடங்களில் வென்டிலேட்டர் ஒன்று, தேவைப்பட்டவர்கள் அதற்கு மேல். அதை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை எடுத்தவருக்கு நேர்ந்ததைச் சோர்வு என்று சொன்னால் பொருந்தவே பொருந்தாது. வியட்நாம் போர்வீரர்களிடம் உளமருத்துவர் ஜோனதன் ஷே கண்ட 'மாரல் இஞ்சுரி' என்ற சொல்லை இதற்கு நீட்டினார்கள். சரி என்று தெரிந்ததைச் செய்யவிடாத சூழலில் படும் காயம் அது. தமிழில் 'மனச்சாட்சிக் காயம்' எனலாம். வெளியே நின்றவர்கள் கைதட்டி, 'ஹீரோ' என்றார்கள். ஹீரோவால் 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல முடியாது என்பது அந்தப் பட்டத்தின் தொல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எரிதல்' சரிப்படாது. ஆங்கிலத்தில் நெஞ்சில் எரியும் நெருப்பு பெரும்பாலும் ஆர்வம். அது அணைந்தால் ஆர்வம் போய்விட்டது என்று பொருள். தமிழில் எரிச்சல் சினம், வயிற்றெரிச்சல் பொறாமை. இங்கே நெருப்பு அணைந்தால் நிம்மதிதான்! 'ஓய்ந்துபோதல்' அருமையான வழக்கு. 'ஆள் ஓய்ந்துபோய்விட்டார்' என்றால் யாருக்கும் விளங்கும். ஓய்வும் ஓய்ந்துபோவதும் ஒரே வேரில் பிறந்தவை, முன்னது கிடைக்காதவருக்குப் பின்னது நேர்கிறது. ஆனால் கலைச்சொல்லாக்கப் பார்த்தால் 'பணி ஓய்வு' என்று ஆகி, மாலை போட்டு வழியனுப்பிவிடுவார்கள்.

எனக்குப் பொருந்துவதாகப் படுவது 'பணிக்கருகல்'. விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை திரி அவ்வளவாக எரிவதில்லை, எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் தீர்ந்தபின் சுடர் திரியையே தின்னத் தொடங்குகிறது; திரி கருகுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. கருகு தன்வினை, கருக்கு பிறவினை. 'மருத்துவர் கருகினார்' என்று எழுதிய கையோடு 'கருக்கியது எது?' என்று இலக்கணமே கேட்கிறது. ஆள் பற்றாக்குறையா, தொடர் டூட்டியா, நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தின்னும் பதிவேடுகளா? ஆங்கிலச் சொல்லுக்குள் இந்தக் கேள்வி இல்லை. அதனால்தான் 'மூச்சுப்பயிற்சி செய்யுங்கள்' என்று மருத்துவரிடமே பொறுப்பைத் திருப்பித் தர அது வசதியாக இருக்கிறது. மூச்சுப்பயிற்சி கெடுதல் இல்லை. எண்ணெய்க்கு அது மாற்றும் இல்லை.

'மனநலம்' என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது குறளிலேயே இருக்கிறது: 'மனநலம் நன்குடைய ராயினும் சான்றோர்க்கு இனநலம் ஏமாப் புடைத்து.' வள்ளுவர் அங்கே சொல்வது மனத்தின் நற்குணம், இன்றைய மருத்துவப் பொருள் அல்ல. அப்படியிருந்தும், நல்ல மனம் படைத்தவருக்கும் கூட இருப்பவர்கள்தான் காப்பு என்பது ஐசியூ டூட்டி அறைக்கு அப்படியே பொருந்துகிறது. இதற்கு எதிர்த்திசையில் நிற்பது, மருத்துவர்கள் தொழில்நெறி காப்போம் என்று எடுக்கும் ஜெனீவா உறுதிமொழி. 1948இல் பிறந்த அதில், 2017இல்தான் என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்ற வரி நுழைந்தது. நல்ல வரி. அதிலும் எழுவாய் 'நான்' மட்டுமே.

இனி எழுதும்போது பணிக்கருகல் என்றே எழுதப்போகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்தில் பர்ன் அவுட் என்றும் போட்டுவிடுவேன். பணிச்சோர்வு, இரவு டூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறவருக்கு இருக்கட்டும். மனச்சோர்வை மனநல மருத்துவரின் குறிப்பேட்டுக்கு விட்டுவிடலாம். கருகலைக் கவனிக்காமல் விட்டால் அங்கேயும் போய்ச் சேரலாம் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லால் மூடக் கூடாது.