எந்தத் தேதியின் சட்டம்?

2024 ஜூலை 1-ஆம் தேதி, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐ.பி.சி.) பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, எங்கள் சட்ட நூலகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்தப் பழைய ஐ.பி.சி. புத்தகமெல்லாம் இன்னும் எதுக்கு மேடம்? எடுத்துப் போட்டா ரெண்டு ரேக் காலியாகுமே." இடம் போதவில்லை என்று நிர்வாகப் பிரிவிலிருந்தும் அதே யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரேக்குகள் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து புத்தகம் எடுக்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

2024 ஜூன் 30-ஆம் தேதி இரவு பதினோரு மணிக்கு ஒரு கொலை நடந்திருந்தால், அதற்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 302. இரண்டு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் புதிய சட்டம், பிரிவு 103. பழைய சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பொறுப்புகளையும் தண்டனைகளையும் புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவான 358 அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. விசாரணை, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று ஒரு வழக்கு நடக்க எத்தனை வருடம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். அத்தனை வருடமும் பழைய புத்தகம் வேண்டும்.

நான் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் பணிபுரியும் ஒரு சட்ட அலுவலகத்தில் நூலகர். பொது நூலகத்தில் புதிய பதிப்பு வந்தால் பழையதைக் கழித்துவிடலாம். சட்ட நூலகத்தில் அந்த வழக்கம் ஆபத்து. ஒருவர் வந்து "இந்தப் பிரிவு என்ன சொல்லுது?" என்று கேட்டால், "எந்தத் தேதிக்குப் பார்க்கணும்?" என்பதுதான் என் முதல் கேள்வி. சம்பவம் நடந்த தேதி, பத்திரம் பதிவான தேதி, அப்பா இறந்த தேதி என்று ஏதோ ஒன்று இருக்கும். அது தெரியாமல் எடுத்துக் கொடுக்கிற சட்டம் பாதி நேரம் தப்பான சட்டமாகிவிடும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்: பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளைக் கூட்டுக் குடும்பத்தின் பங்காளியாக ஏற்கவில்லை. தமிழ்நாடு அதை மாற்றியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்றது. ஆனால், அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. இந்தத் திருத்தச் சட்டத்தின் எண்ணைப் பார்த்தால் 1990-ஆம் ஆண்டின் 1-ஆவது சட்டம் என்றிருக்கும். நடைமுறைக்கு வந்ததோ 1989-லிருந்து. சட்டத்தின் பெயரிலோ எண்ணிலோ இருக்கிற வருடத்தை வைத்து அது எப்போது அமலுக்கு வந்தது என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அப்புறம் 2005 செப்டம்பர் 9. மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. திருமணமானவளா, ஆகாதவளா என்ற பேச்சே இல்லாமல் மகளும் மகனும் சமம் என்றானது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளையும் கிரயங்களையும் மட்டும் இது தொடாது. சரி, அந்த செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015-இல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இருந்திருக்க வேண்டும் என்றது. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அது தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று தீர்த்து வைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் "உங்கப்பா 2005-க்கு முன்னாடியே இறந்துட்டார், உங்களுக்குப் பங்கு இல்லை" என்று கேட்டுத் திரும்பிப் போன பெண்கள் எத்தனை பேரோ. அவர்களில் பலருக்கு அந்தப் பதில் மாறிவிட்டது என்பதே இன்னும் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

மாநிலத் திருத்தம் என்பது தனி உலகம். மத்தியச் சட்டமாக இருந்தாலும் பல இடங்களில் தமிழ்நாட்டுக்கென்று வேறு வாசகம் இருக்கும். இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் 7-ஏ பிரிவு 1968 ஜனவரி முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. புரோகிதரும் வேண்டாம், தீ வலமும் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். வடக்கே அச்சாகும் மலிவு விலை பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) சிலவற்றில் இந்தப் பிரிவைத் தேடினாலும் கிடைக்காது. அதை மட்டும் கையில் வைத்திருப்பவர், மாநிலத் திருத்தம் எதுவும் தெரியாமலே 'இப்படி ஒரு திருமணமே சட்டத்தில் இல்லை' என்று நம்பிவிட முடியும். வாடகை விஷயமும் அப்படித்தான். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. கடைத் தெருவில் இன்னும் பழைய சட்டத்தை வைத்துத்தான் வாய்ச்சண்டை நடக்கிறது.

திருத்தங்களை நாங்கள் எப்படிக் கையாளுகிறோம் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை வெளியே தெரிவதில்லை. அரசிதழ் வந்ததும் நான்காம் பகுதியில் புதிய சட்டம் ஏதாவது இருக்கிறதா, அறிவிக்கைகளில் 'இந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வரும்' என்ற வாசகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு திருத்தச் சீட்டு. திருத்திய வாசகத்தைச் சிறு துண்டாக அச்செடுத்து, நூலகத்தில் இருக்கும் புத்தகத்தில் அந்தந்தப் பிரிவின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முழுத் துண்டுக்கும் பசை தடவக் கூடாது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தடவி ஒட்டினால், கதவு போலத் தூக்கிப் பார்க்கலாம். கீழே பழைய வாசகம் அப்படியே இருக்கும். ஓரத்தில் திருத்தச் சட்டத்தின் எண், அரசிதழ் தேதி, நடைமுறைக்கு வந்த தேதி மூன்றையும் கையால் எழுதுகிறோம். புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பழைய வரியை மறைத்து ஒட்டினால், அந்தப் பக்கம் நேற்றைய வழக்குக்குப் பயன்படாமல் போய்விடும்.

அச்சில் இருப்பதெல்லாம் அமலில் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கவனக்குறைவாக ஓட்டி ஒருவரின் மரணத்துக்குக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பிப் போகும் ஓட்டுநருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்கப் போராடினார்கள். 2024 ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். எல்லாப் புத்தகத்திலும் அது அச்சாகியிருக்கிறது. அறிவிக்கையைப் படித்தவருக்குத்தான் அது வராதது தெரியும்.

இதைவிட மோசமானது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ கதை. சமூக வலைத்தளத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவகுத்த அந்தப் பிரிவை 2015 மார்ச் 24-இல் சிரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்தது. ஆனாலும் அந்தப் பிரிவின்கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாகிக்கொண்டே இருந்தன. 2021-இல் அது மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். 2022 அக்டோபரில், இனி யார்மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. நீதிமன்றம் ஒரு பிரிவை ரத்து செய்தால், அது புத்தகத்திலிருந்து தானாக மறையாது. அடிக்குறிப்பாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். பழைய புத்தகம் மேசையில் இருக்கிற காவல் நிலையத்தில் அந்த அடிக்குறிப்பும் இருக்காது. ஒரு மனிதர் சிறைக்குப் போவதும் போகாததும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பதற்றமாகத்தான் இருக்கிறது.

தீர்ப்புகளுக்கு வருகிறேன். ஒரு நாள் காலை, கோர்ட் ஆரம்பிக்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, ஓர் இளம் அரசு வழக்கறிஞர் ஃபைலோடு வந்தார். நிலம் கையகப்படுத்திய வழக்கு. எதிர்த்தரப்பு 2014-ஆம் ஆண்டின் புனே மாநகராட்சித் தீர்ப்பைக் காட்டியிருக்கிறது. இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றத்தில் கட்டவில்லை, அதனால் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24(2) பிரிவின்படி கையகப்படுத்தியதே காலாவதி என்பது அவர்கள் வாதம். "மூன்று நீதிபதிகள் சொன்னது மேடம், இதுக்குப் பதில் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அந்தத் தீர்ப்பு அச்சாகியிருக்கும் ரிப்போர்ட் தொகுதியை எடுத்து மேசையில் விரித்தேன். அந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே, 2020 மார்ச் 6-ஆம் தேதி இந்தூர் வளர்ச்சி ஆணையம் எதிர் மனோகர்லால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஓவர்ரூல் செய்துவிட்டது, அதாவது இனி செல்லாது என்று சொல்லிவிட்டது என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தோம். நிலத்தின் வசத்தையும் எடுக்கவில்லை, இழப்பீடும் வழங்கவில்லை என்று இரண்டும் சேர்ந்தால்தான் காலாவதி என்பது இப்போதைய நிலை. அவர் இந்தூர் தீர்ப்பின் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

இதே வேலையை அரசுக்கு எதிராகவும் செய்ய வேண்டும். எங்கள் தரப்பு வழக்கறிஞர் நம்பியிருக்கும் தீர்ப்பு மாறிவிட்டது என்றால், அதை அவரிடம் முதலில் சொல்ல வேண்டியவர் நூலகர்தான். கேட்கச் சங்கடமான செய்தி என்பதற்காக மறைத்தால், காலாவதியான தீர்ப்பை வைத்து அரசு ஒரு குடிமகனோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டும். செலவு இரண்டு பக்கமும் மக்களுடையது.

தீர்ப்புக்கு முன்னால் சுருக்கமாக அச்சாகும் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடப் போகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதுவது, நீதிபதி எழுதியது கிடையாது. உள்ளே பத்தி எண் பார்த்துப் படித்தால்தான், நீதிமன்றம் முடிவாகச் சொன்னது எது, ஒரு தரப்பின் வாதமாக எடுத்தெழுதியது எது என்று பிரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. வழக்குத் தொடுத்தவர்களே அவற்றிடம் கேட்டுத் தீர்ப்புப் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவருகிறார்கள். பெயர், வருடம், தொகுதி, பக்கம் எல்லாம் பக்காவாக இருக்கும். தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கின் நடுப்பகுதி வரும். 2023-இல் நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஓர் ஆணையிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எந்தப் பட்டியல் வந்தாலும், மூலத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் ஒரு தீர்ப்பைக்கூட நான் மேலே அனுப்புவதில்லை.

மூலத்தைப் பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் இணையத்தில் இலவசம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. புரிந்துகொள்ள அது உதவும், தாக்கல் செய்ய ஆங்கில மூலம்தான். மத்திய, மாநிலச் சட்டங்கள் 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் கிடைக்கும். தமிழ்நாடு அரசிதழ், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரும்பாலும் இன்றைய வாசகம்தான் முன்னால் நிற்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 1975-இல் ஒரு விதி எப்படி இருந்தது என்று பார்க்க, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும், இல்லையென்றால் கன்னிமாரா நூலகம்.

அதனால்தான் அலுவலகத் தலைவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கழிவுப் பட்டியல் தயாராகும்போது பழைய சட்டப் புத்தகங்களையும் அரசிதழ்க் கட்டுகளையும் 'காலாவதி' என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். நூலகரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நூலகர் பணியிடம் காலியாக இருந்தால், அதை நிரப்பும்வரை அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள். ஒரே புத்தகம் ஐந்து பிரதி இருந்தால் நான்கைக் கழிக்கலாம். கடைசிப் பிரதி இருக்கட்டும்.

வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்துக்கோ போகிறவர்கள், போவதற்கு முன் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். யார் எப்போது இறந்தார், பத்திரம் எப்போது பதிவானது, நோட்டீஸ் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, எந்த நாளில் சம்பவம். சரியாக நினைவில்லை என்றால் இறப்புச் சான்றிதழையும் தபால் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். உறைமேல் இருக்கிற முத்திரையிலும் தேதி இருக்கும்.